கவிழ்த்து வந்த குடங்கள்

கேட்க வந்தவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. ஏழுகழி நாட்டில் இந்தக் கதையைச் சொல்ல வருபவர் தலையில் துண்டு இருந்தால், அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார். நானும் எடுத்துவிட்டேன்.

கப்பல்கள் பாயை மடித்துவிட்டுப் புகை கக்க ஆரம்பித்த காலம் அது. கடல் தாண்டி வந்தவர்கள் தராசோடு இறங்கினார்கள், துப்பாக்கியோடு உட்கார்ந்தார்கள். சுற்றியிருந்த நாடுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. வடக்கே இருந்த நாடு மிளகு விற்கப் போய் விழுந்தது. மேற்கே இருந்த நாடு அண்ணன் தம்பிச் சண்டைக்குத் துணை கூப்பிடப் போய் விழுந்தது. தெற்கே இருந்த நாடு வந்தவர்களுக்கு விருந்து வைக்கப் போய் விழுந்தது.

ஏழுகழி நாடு மட்டும் விழவில்லை. ஏன் விழவில்லை? "எங்கள் வீரம்!" என்று மார்பைத் தட்டிச் சொல்வார்கள் அந்த நாட்டார். உண்மை என்னவென்றால், அங்கே சேறு அதிகம். எந்தக் கப்பல் வந்தாலும் அரைக் காதத்துக்கு அப்பாலேயே சேற்றில் சிக்கிக்கொள்ளும்.

அந்த நாட்டை ஆண்ட அரசர் பெயர் திருமேனிராயர். கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரே கவலை. "சேறு எத்தனை நாளைக்கு நம்மைக் காக்கும்?"

யோசித்தார், யோசித்தார், யோசித்தார். கடைசியில் மூன்று கட்டளை போட்டார். உப்பளத்து ஊர்களில் வீட்டுக்கு ஓர் ஆண் படையில் சேர வேண்டும். மேட்டுக்கோட்டைக்குள் துப்பாக்கி செய்யவும் பீரங்கி வார்க்கவும் பட்டறை போட வேண்டும். சேர்ந்தவர்களுக்குக் கடல் தாண்டி வந்தவர்களைப் போலவே பயிற்சி கொடுக்க வேண்டும்.

முந்நூறு பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் உப்பு வாருகிறவர்கள். பாத்தி வரப்பிலேயே பிறந்து, பாத்தி வரப்பிலேயே நடந்தவர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் சூரப்பத் தளவாய்.

தளவாயின் குரலைப் பற்றி என்ன சொல்ல? அவர் தும்மினால் கோட்டைப் புறாக்கள் பக்கத்து ஊருக்குப் பறந்து போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்பும். மெதுவாகத்தான் பேசுவதாக அவர் நினைத்துக்கொள்வார். அவர் மனைவி காதில் பஞ்சு வைத்திருப்பதாகப் பேச்சு.

முதல் நாளே சிக்கல். "இடக்காலை எடுத்து வை!" என்றார் தளவாய். பாதிப் பேர் வலக்காலை எடுத்தார்கள். சிலர் இரண்டையும் எடுக்கப் பார்த்து விழுந்தார்கள். தளவாய் தலையில் அடித்துக்கொண்டு, ஒவ்வொருவனுக்கும் இடக்காலில் உப்பும் வலக்காலில் அடுப்புக்கரியும் பூசச் சொன்னார்.

"உப்புக்கால்! கரிக்கால்! உப்புக்கால்! கரிக்கால்!"

படை நடந்தது. அழகாகவே நடந்தது. வரப்பில் ஒருவர் பின் ஒருவராய் நடந்து பழகியவர்கள் நாலு நாலு பேராய் அகலமாய் நடக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு தளவாய் மூன்று பாடம் சொன்னார்.

"நட என்றால் நட! நில் என்றால் நில்! சுடு என்றால் சுடு! இதற்கு நடுவில் 'ஏன்' என்று எவன் வாயிலாவது வந்தால், முதுகில் பிரம்பு வரும்!"

முந்நூறு வாயும் மூடிக்கொண்டன.

அந்த முந்நூறு பேரில் ஒருவன் மாசிலான். பனங்கழி என்கிற உப்பளத்து ஊர்க்காரன். இருபத்துநாலு வயது. இவன் தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது. ஆட்டைக் கூப்பிட்டால் ஆடு திரும்பும். கிழவன் மாதிரி இருமினால், கிழவனுக்குப் பதிலாக யாராவது வெந்நீர் கொண்டுவருவார்கள். ஊர்ப் பூசாரி குரலில் அவன் குறி சொல்லி, நிசமான பூசாரியே கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு.

தளவாயின் குரல் காதில் விழுந்த அன்றைக்கே மாசிலானுக்குத் தொண்டை அரித்தது. எத்தனை நாள் அடக்குவான்?

ஒரு நாள் படை மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது. தளவாய் மோர் குடிக்கப் போயிருந்தார். வரிசைக்கு நடுவிலிருந்து தளவாயின் குரல் எழுந்தது. "வலப்பக்கம் திரும்பு! உப்புக்கால்! கரிக்கால்!"

வலப்பக்கம் குளம். முந்நூறு பேரும் திரும்பினார்கள், நடந்தார்கள், இறங்கினார்கள். முழங்கால், இடுப்பு, மார்பு. கழுத்தளவு தண்ணீரில் நின்றபோதுதான் தளவாய் மீசையில் மோரோடு ஓடி வந்து, "நில்லுங்கடா, நில்லுங்க!" என்று கத்தினார்.

இன்னொரு நாள் அதே குரல் சமையல்கட்டுச் சன்னல் வழியாகப் போனது. "எல்லாருக்கும் இரண்டாம் தரம் அதிரசம் போடு!" சமையல்காரர் அரசருக்கென்று எடுத்து வைத்திருந்ததையும் சேர்த்துப் போட்டுவிட்டார். அன்றைக்குத் தளவாய்மீது படைக்கு இருந்த அன்பு சொல்லி முடியாது.

மூன்றாம் முறை மாசிலான் துணிந்துவிட்டான். மதில் பின்னால் ஒளிந்துகொண்டு அரசர் குரலையே எடுத்தான். அரசர் குரல் சன்னமானது, ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் ஒரு சின்னப் பெருமூச்சு இருக்கும்.

"ஹும்... சூரப்பா. ஹும்... ஒற்றைக்காலில் நில்லப்பா."

தளவாய் நின்றார். சந்தேகமே இல்லை, நின்றார். வேகாத வெயிலில் இடுப்பில் வாளோடு கொக்குபோல் நின்றார். கால்நாழிகை கழித்து, "மகாராஜா, காலை மாற்றிக்கொள்ளலாமா?" என்று பணிவாகக் கேட்டார். மாசிலானால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மதிலுக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்தான். அகப்பட்டுக்கொண்டான்.

பன்னிரண்டு பிரம்படி. பிறகு தளவாய் அவன் தாடையைப் பிடித்துத் தூக்கிச் சொன்னார். "இனி ஒரு தரம் என் குரல் உன் வாயிலிருந்து வந்தது என்றால், அந்த வாயில் நாக்கு இருக்காது. அரசர் உத்தரவு வாங்கிவிட்டேன். புரிந்ததா?"

"புரிஞ்சது தளவாய்" என்றான் மாசிலான், தன் சொந்தக் குரலில். அது எத்தனை மெல்லிய குரல் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தப் படையும் அப்படித்தான் சிரித்தது. வாரக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஆனால் ஒன்றை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முந்நூறு பேர் கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கியபோது, "இது குளமாச்சே, ஏன்?" என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை.

போகட்டும். மேலே கேளுங்கள்.

துப்பாக்கி வந்துவிட்டது. பீரங்கிக்குத்தான் உலோகம் போதவில்லை. அரசர் மந்திரி நல்லபெருமாளைக் கூப்பிட்டார். மந்திரி எதையும் நேராகச் சொல்லமாட்டார். "வந்து... அதாவது... ஒரு யோசனை என்னவென்றால்... வீடு தோறும் பித்தளை இருக்கிறதல்லவா..." என்று இழுத்தார். அரசருக்குப் பிடித்துப்போயிற்று.

தண்டோராக்காரன் ஊர் ஊராய்ப் போனான். டம், டம், டமடம டம்!

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால்! வருகிற அமாவாசை காலையில், வீட்டுக்கு ஒரு பித்தளைப் பாத்திரம், மேட்டுக்கோட்டை வாசலில் கொண்டுவந்து தரவேணுமாய், மகாராஜா உத்தரவு! நம்ம பிள்ளைகள் கையில் பீரங்கி வேணும் சாமியோவ்!"

ஏழு உப்பங்கழிகளைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களிலும் தண்டோரா போட்டார்கள். ஓர் இடத்தில் மட்டும் போடவில்லை. மேட்டுக்கோட்டைக்குள். தளவாயிடம் மந்திரி சொல்லியிருப்பார் என்று அரசர் நினைத்தார். அரசர் சொல்லியிருப்பார் என்று மந்திரி நினைத்தார். கோட்டையில் இருந்தவர்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள் என்று தண்டோராக்காரன் நினைத்தான்.

அமாவாசைக்கு முந்தைய வாரம் கோட்டைக்குள் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கடற்கரையில் சேறு குறைந்த இடம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கப்பல்காரர்கள் இறங்கப் போகிறார்கள் என்று பேச்சு. தளவாய் படையைக் கூட்டிச் சொன்னார். "எதிரியை எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டுக்கொள்ளுங்கள். தலையைப் பார்! தலையில் பித்தளைத் தொப்பி போட்டிருப்பான். வெயிலில் பளபளக்கும்!"

முந்நூறு பேரும் மனத்தில் எழுதிக்கொண்டார்கள். தலையில் பித்தளை. தலையில் பித்தளை. தலையில் பித்தளை.

அமாவாசை விடியற்காலை வந்தது. மற்ற ஊர்களுக்கு முன்னால் பனங்கழியிலிருந்து நாற்பது பேர் புறப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், கூடவே சில ஆண்கள். முன்னால் நின்றவள் சடைச்சி, உப்புக் குவிக்கிறவள். அவள் பேசினால் உப்பு அளக்கிறவர்கள் கணக்குத் தவறாமல் அளப்பார்கள், அவ்வளவு அதட்டல். எல்லார் கையிலும் குடம், தவலை, குண்டான்.

புறப்படுகிற நேரத்தில் சடைச்சி இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏண்டி, வெறுங்குடத்த வாய் தெரியத் தூக்கிக்கிட்டா ராசா வாசலுக்குப் போறீக? படைக்கு வெளங்குமா?"

பாருங்கள், ஏழுகழி நாட்டில் வெறுங்குடம் எதிரே வந்தால் ஆகாது. பயணம் கெடும், எடுத்த காரியம் கெடும். படைக்குப் பீரங்கி வார்க்கப் போகிற பித்தளை அபசகுனத்தோடு போகலாமா?

"பின்ன என்னக்கா, தண்ணி மொண்டுக்கிட்டா நடக்கிறது? அரைக் காதம் இருக்கு" என்றாள் பொம்மி. கல்யாணமாகி நாலு மாதம் ஆனவள். சீராக வந்த புதுக்குடம் அவள் கையில் இருந்தது.

"தண்ணி எதுக்குடி? கவுத்து வைங்க. வாயத் தலைப்பக்கமாக் கவுத்து, சும்மாட்டு மேல வச்சிக்கிட்டா, வெறுங்குடம்னு எவன் சொல்லுவான்?"

எல்லாரும் கவிழ்த்தார்கள். குடம் சும்மாட்டின்மேல் குந்திக்கொண்டது. அகல வாய்க் குண்டான் கொண்டுவந்த ஆண்கள் அதைத் தலையிலேயே மாட்டிக்கொண்டார்கள், கண்வரைக்கும் இறங்கிவிட்டது.

"ஏலே கருத்தான், நீயும் சிப்பாயி ஆயிட்டியாக்கும்!" என்று சடைச்சி கேலி செய்தாள். அப்படி ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே நடந்தார்கள். கோட்டையில் நம்ம பிள்ளைகளைப் பார்க்கலாம் என்கிற சந்தோஷம் வேறு.

சடைச்சியைக் குறை சொல்லாதீர்கள். படைக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் அவள் கவிழ்க்கச் சொன்னாள்.

கோட்டையில் காவல்மேட்டின்மேல் கண்ணுச்சாமி என்கிற காவல்காரன் நின்றிருந்தான். கிழக்கே சூரியன் ஒரு பனை உயரம் ஏறியிருந்தது. ரஸ்தாவில் ஏதோ மின்னியது. அவன் குரல் எப்போதும் உச்சத்தில்தான் தொடங்கும்.

"தளவாய்! தளவாய்! பளபளங்குது தளவாய்!"

"எங்கே?"

"ரஸ்தாவுல! தலையெல்லாம் பித்தளை! நாப்பது, அம்பது தலை!"

"படை எழு!" என்றார் தளவாய். முந்நூறு பேரும் மதில்மேல் ஏறினார்கள். "நிரப்பு!" நிரப்பினார்கள். "குறி வை!" குறி வைத்தார்கள்.

இப்போது மாசிலானைப் பாருங்கள். அவனும் குறி வைத்தான். துப்பாக்கி நுனிக்கு நேரே பித்தளைத் தலைகள் வந்துகொண்டிருந்தன. அப்போது ஒரு மூச்சு இழுத்தான். அந்த மூச்சில் ஒன்று கண்ணில் பட்டது. வருகிறவர்கள் நாலு நாலு பேராய் வரவில்லை. இரண்டு வண்டி போகிற அகல ரஸ்தாவிலும் ஒருவர் பின் ஒருவராய், ஒரு கால் வைத்த இடத்துக்கு நேரே மறுகால் வைத்து நடந்து வந்தார்கள். அப்படி நடக்கிறவர்கள் இந்த உலகத்தில் யார்? பாத்தி வரப்பில் நடந்தவர்கள்.

இரண்டாம் மூச்சு. முன்னால் வந்த உருவம் நின்று, இடுப்பில் கைவைத்து, பின்னால் திரும்பி ஏதோ அதட்டியது. அந்த இடுப்பும் அந்தக் கையும் அவனுக்குத் தெரியும். பனங்கழியில் யாருக்குத்தான் தெரியாது?

மூன்றாம் மூச்சு. வாயைத் திறந்தான். தளவாயின் குரல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. 'நில்!' என்று ஒரே ஒரு வார்த்தை. அப்போது அவனுக்குத் தன் நாக்கு ஞாபகம் வந்தது. தாடையைப் பிடித்துத் தூக்கிய கை ஞாபகம் வந்தது. 'ஒருவேளை எதிரியாக இருந்துவிட்டால்? தளவாய்க்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?' என்று தனக்குத்தானே ஒரு பொய் சொல்லிக்கொண்டான். வாயை மூடினான்.

"சுடு!"

முந்நூறு துப்பாக்கியும் ஒன்றாகச் சுட்டன. மாசிலானின் துப்பாக்கியும் சுட்டது. சற்று மேலே தூக்கிச் சுட்டேன் என்று அவன் பின்னால் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புகை விலகுவதற்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது. ணங், ணங், ணங் என்று குடம் உருளுகிற சத்தம். கிணற்றடியில், ஆற்றங்கரையில், அடுப்படியில் அந்தச் சத்தத்தைக் கேட்காத காது ஏழுகழி நாட்டில் கிடையாது. முந்நூறு பேரும் கேட்டார்கள்.

"மறுபடி நிரப்பு!" என்றார் தளவாய்.

கேட்ட பிறகும் நிரப்பினார்கள். 

"டேய், நம்ம சனங்கடா!" என்று மாசிலான் கத்தினான். "பனங்கழி ஆளுங்கடா! நிறுத்துங்கடா!"

அது அவனுடைய சொந்தக் குரல். அந்தக் குரலுக்கு எந்தக் கையும் நிற்கவில்லை. வேறு எந்தக் குரலுக்கும் நிற்கக் கூடாது என்றுதானே பழக்கியிருந்தார்கள்?

தளவாய் "சுடு" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் குரல் வேறு இடத்திலிருந்து இடித்தது.

"நில்! துப்பாக்கியைக் கீழே வை!"

முந்நூறு துப்பாக்கியும் கீழே போயின. தளவாய் திகைத்துப்போய்த் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

குண்டுகள் பெரும்பாலும் மண்ணில்தான் புதைந்தன. ஆனாலும் ரஸ்தாவில் மூன்று பேர் எழுந்திருக்கவில்லை. சடைச்சி, பொம்மி, குண்டானைத் தலையில் மாட்டிக்கொண்டு சிப்பாய் ஆன கருத்தான். மற்றவர்கள் ஓடவில்லை. எங்கே ஓடுவது? சுட்டவர்கள் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

செய்தி போய், அரசர் வந்தார். மைதானத்தில் மூன்று உடல்களையும் கிடத்தியிருந்தார்கள். உருண்டு கிடந்த பாத்திரங்களை ஒரு பக்கம் சேர்த்து வைத்திருந்தார்கள். அரசர் கேட்டார், "ஹும்... இது யார் செய்த தவறு?"

காவல்காரன் கண்ணுச்சாமி சொன்னான்: "பளபளங்குதுன்னுதான் சொன்னேன் மகாராஜா. எதிரின்னு நான் சொல்லவே இல்லை."

வரிசையில் முதலில் நின்றவன் சொன்னான்: "சுடுன்னு உத்தரவு வந்தது மகாராஜா. நாங்க சுட்டோம்."

தளவாய் சொன்னார்: "இன்று இவர்கள் வருவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை மகாராஜா." சொல்லிவிட்டு மாசிலானைக் காட்டினார். "இவன் என் குரலில் மறுபடியும் உத்தரவு போட்டிருக்கிறான். சட்டப்படி இவன் நாக்கு..." அதற்குமேல் அவராலேயே சொல்ல முடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் குரல் பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்கவில்லை.

மந்திரி நல்லபெருமாள் மெல்ல நகர்ந்து மாசிலான் பக்கத்தில் வந்தார். "வந்து... அதாவது தம்பி... பெண்கள் அலறுவதைக் கேட்ட பிறகுதான் உனக்கே தெரிந்தது, உடனே நாட்டைக் காப்பாற்றினாய், அப்படித்தானே? அப்படிச் சொல்லு. நாக்கும் மிஞ்சும், கையில் தங்கக் காப்பும் ஏறும். இன்றைக்கு எல்லாருக்கும் ஒரு நல்லவன் தேவைப்படுகிறான்."

நல்ல வழிதான். எத்தனை பேரின் குரலில் எத்தனை பொய் சொன்னவன் மாசிலான்! இந்தப் பொய்க்குக் குரல்கூட மாற்ற வேண்டாம். முப்பத்தேழு பேர் உயிரோடு இருப்பது அவனால்தான். அதுவும் பொய்யில்லை.

மாசிலான் தரையைப் பார்த்தான். சடைச்சியின் கால் தெரிந்தது. வெடித்த குதிகாலில் உப்பு காய்ந்திருந்தது.

"இல்லைங்க" என்றான். "எனக்கு முன்னாலேயே தெரியும். சுடுன்னு சொல்றதுக்கு முன்னாலேயே தெரியும். நடையப் பார்த்தேன், ஆளையும் பார்த்தேன். நில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவங்க மூணு பேரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க. குளத்துல இறக்கி விளையாட வாய் தொறந்துச்சு. அதிரசத்துக்குத் தொறந்துச்சு. இதுக்குத் தொறக்கல. என் நாக்கு போயிருமேன்னு பயந்தேன். எடுத்துக்கிடுங்க."

 பிறகு வரிசையின் கடைசியில் ஒருவன் விசும்பினான்.

"எனக்கும் தெரியும், மகாராஜா."

"எனக்கும் நடை தெரிஞ்சது" என்றான் இன்னொருவன்.

"முன்னால வந்தது சடைச்சியக்கான்னு எனக்கும் தெரியும்" என்றான் மூன்றாவது ஆள், முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. எனக்கும், எனக்கும், எனக்கும் என்று வரிசை முழுக்க ஓடியது. முந்நூறு பேரும் வரப்பில் நடந்தவர்கள். முந்நூறு பேருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொருவனும், பக்கத்தில் இருப்பவன் சொல்லட்டும் என்று இருந்துவிட்டான்.

அரசர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். வானத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், கடைசியில் பாத்திரங்களைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் சொன்னேன். கோட்டைக்குச் சொல்ல மறந்தேன்" என்றார். இப்போது அவர் வார்த்தைகளுக்கு முன்னால் பெருமூச்சு வரவில்லை. "அது ஒரு தவறு. முந்நூறு பேருக்குத் தெரிந்ததை ஒருவனும் சொல்லாதபடி ஒரு படையைக் கட்டினேன். அது அதைவிடப் பெரிய தவறு. இவன் நாக்கை எடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சூரப்பா, அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போடு."

தளவாய் தலையில் இருந்த தலைப்பாகையைக் கழற்றி மாசிலான் காலடியில் வைத்தார். மாசிலான் அதைத் தொடவில்லை.

அன்றிலிருந்து ஏழுகழிப் படைக்கு நாலு பாடம் ஆயிற்று. நட என்றால் நட. நில் என்றால் நில். சுடு என்றால், முதலில் "யாரை?" என்று கேள். கேட்டுத் தெரிந்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், சத்தமாகச் சொல். பின்னாளில் கடல் தாண்டி வந்த தூதர் ஒருவர் அந்தப் பயிற்சியைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "சிப்பாய் கேள்வி கேட்கிறானா? இப்படிப் படை உலகத்தில் எங்கும் இல்லையே! யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார். அரசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று எந்த வாயால் சொல்வார்?

பாத்திரங்களை உருக்கவில்லை. திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார் அரசர். அந்த நாட்டில் எந்தப் பித்தளைப் பாத்திரத்திலும் கழுத்தோரம் பெயர் வெட்டியிருக்கும். அதனால் எது யாருடையது என்று தேட வேண்டியதில்லை. முந்நூறு பேரும் துப்பாக்கி இல்லாமல், காலில் உப்பும் இல்லாமல் கரியும் இல்லாமல், ஒருவர் பின் ஒருவராய்ப் பனங்கழிக்கு நடந்தார்கள். பொம்மியின் குடத்தை அரசரே சுமந்தார், செருப்பில்லாமல். அவரைப் பார்த்து அந்த ஊரில் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மாசிலான் சுமந்த குடத்தில், 'பனங்கழி உடையான் மனைவி சடைச்சி' என்று வெட்டியிருந்தது. வயிற்றுப் பக்கம் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை.

சடைச்சியின் புருஷன் உடையான் வீட்டில் இல்லை. பாத்தியில் நின்று மரப்பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தான். அவள் காரியம் முடிந்த மறுநாளே பாத்திக்கு வந்துவிட்டான். வாராவிட்டால் உப்பு இறுகிவிடும், வேறு என்ன செய்வது? அதிகம் பேசத் தெரியாத மனிதன். இருபது வருடமாக அந்த வீட்டின் பேச்சை எல்லாம் அவள்தான் பேசிவந்தாள்.

மாசிலான் வரப்பில் நின்று குடத்தை இறக்கினான்.  அழகாகச் சொல்ல யார் குரலையாவது கடன் வாங்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நினைப்புக்காகவும் வெட்கப்பட்டான்.

"மாமா" என்றான். "சுடுறதுக்கு முன்னாலேயே அக்கான்னு எனக்குத் தெரியும். நான் வாயத் தொறக்கல."

உடையான் பலகையை நிறுத்தினான். நிமிரவில்லை.

"முன்னாலன்னா, எவ்வளவு முன்னால?"

"மூணு மூச்சு நேரம் இருக்கும், மாமா."

  உடையானின் தோள் ஏறி இறங்கியது. ஒன்று. மறுபடி ஏறி இறங்கியது. இரண்டு. மறுபடியும். அவன் எண்ணுகிறான் என்று மாசிலானுக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்றும் முடிந்த பிறகு உடையான் சொன்னான், "மூணு மூச்சுங்கிறது நெறைய நேரம், மாசிலா."

அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. குடத்தை வாங்கி வரப்பில் நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுபடி உப்பை வார ஆரம்பித்தான். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மாசிலான் வெயில் சாயும்வரை அங்கேயே நின்றான்.

என் கதை இவ்வளவுதான், கேட்டிருந்தவர்களே. அவரவர் மனத்தோடு வீடு போய்ச் சேருங்கள். இதன் நீதியை அந்த நாட்டார் ஒரே வரியில் சொல்வார்கள்: நடக்கப் போவது தவறு என்று தெரிந்தும் பயந்து வாயை மூடிக்கொண்டவன், அந்தத் தவறைச் செய்தவனோடு சேர்ந்தே நிற்கிறான்.